பனியும் பிழைப்பும்

தமிழில் பனி என்னும் ஒரு சொல்லே பலவற்றைக் குறிக்கும். புல்நுனியில் நிற்பது பனித்துளி; வழியை மறைக்கும் புகை போன்ற படலம் மூடுபனி; தரையிலும் இலையிலும் உறைந்து கிடப்பது உறைபனி; வானிலிருந்து பஞ்சு போல விழுவது வெண்பனி. ஓர் ஆண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்த முன்னோர், அவற்றுள் இரண்டிற்கு முன்பனி, பின்பனி எனப் பெயரிட்டனர். மலைநிலமாகிய குறிஞ்சிக்குக் கூதிரும் முன்பனியும் உரியவை என்பது தொல்காப்பியம் கூறும் முறை. ஆயினும் நான்காவதாகிய வெண்பனி, தென்னகத்து மலைகளுக்கு உரியதன்று.

வெண்பனிக்குப் பெயர்பெற்ற இடம் காசுமீரத்துக் குல்மார்க். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,650 மீட்டர் உயரத்தில் அமைந்த புல்வெளி அது. குளிர்காலத்தில் அப்புல்வெளியும் அதனைச் சூழ்ந்த சரிவுகளும் ஆளுயரப் பனியில் மூழ்குவதுண்டு. அப்போது விளையாட்டு வீரர்கள் அங்கே திரள்வர். இரு கால்களிலும் தனித்தனியே நீண்ட பலகைகளைப் பூட்டிக்கொண்டு சரிவில் வழுக்கி இறங்குவது பனிச்சறுக்கு. இரு கால்களையும் ஒரே அகன்ற பலகையில் பூட்டிக்கொண்டு, பக்கவாட்டில் நின்றபடி இறங்குவது ஸ்னோபோர்டிங். கம்பிவடத்தில் தொங்கிச் செல்லும் ஊர்தி அவர்களை மலைமேல் ஏற்றிவிடும்.

இடுக்கி மாவட்டத்து ஆனைமுடியின் உயரம் 2,695 மீட்டர். அது குல்மார்க் புல்வெளியினும் உயர்ந்தது. எனினும் அங்குப் பனிச்சறுக்கு இல்லை. இதற்குக் காரணங்கள் இரண்டு. குல்மார்க் நிலநடுக்கோட்டிற்கு வடக்கே 34 பாகையில் உள்ளது. ஆனைமுடியோ 10 பாகையில் உள்ளது. மேலும், மத்தியதரைக் கடற்பகுதியிலிருந்து வரும் காற்றுச் சுழற்சிகள் குளிர்காலத்தில் காசுமீரத்திற்கு மேகங்களைக் கொணர்கின்றன. மூணாற்றில் மழை பெய்யும் மாதங்களில் உறையும் அளவிற்குக் குளிர் இல்லை. குளிர் மிகும் இரவுகளில் வானில் மேகம் இல்லை.

மேகமற்ற அந்த வானமே உறைபனிக்கு வழிவகுக்கிறது. பாலக்காட்டுக் கணவாயில் கிழக்குக் காற்று வீசும் மார்கழி, தை நாள்களில், மூணாற்றுப் பள்ளத்தாக்குகள் சில இரவுகளில் காற்றின்றி அடங்கிக் கிடக்கும். பகலில் பெற்ற வெப்பத்தை நிலம் தடையின்றி வானில் இழக்கும். குளிர்ந்த காற்று எடை மிகுந்து தாழ்வான இடங்களில் தேங்கும். நீராவி துளியாக மாறாமலே இலைமேல் பனிக்கட்டியாகப் படியும். செண்டுவரையிலும் லட்சுமி தோட்டத்திலும் விடியும்போது புல்வெளி உப்புப் பாத்தி போல வெளுத்திருக்கும்.

அதைக் காணக் கொச்சியிலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் மக்கள் இரவோடு இரவாக வந்து சேர்கின்றனர். பனியைக் கையில் அள்ளிப் படம் எடுத்துக்கொள்கின்றனர். வெயில் ஏறியதும் வெண்மை மறைகிறது. அவர்களும் மகிழ்ச்சியோடு திரும்புகின்றனர்.

வெயில் ஏறிய பிறகுதான் தோட்டத்தில் இழப்புத் தெரிகிறது. இலையின் உள்ளிருக்கும் நீர் உறைவதால் அதன் நுண்ணறைகள் சிதைகின்றன. சூரிய ஒளி பட்டவுடன் இலை தீயில் வாட்டியதுபோலக் கருகுகிறது. 2019 சனவரியில் மூணாற்றில் அடுத்தடுத்த நாள்களில் வெப்பநிலை சுழியத்திற்குக் கீழே இறங்கியபோது, பல நூறு ஏக்கர் தேயிலை இவ்வாறு கருகியது.

தேயிலை பறிப்போர் பெரும்பாலும் பெண்கள். அவர்களுடைய முன்னோர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி முதலே தமிழகத்திலிருந்து மலையேறி வந்தவர்கள். வரையறுத்த அளவிற்கு மேல் பறிக்கும் ஒவ்வொரு கிலோவிற்கும் நாட்கூலியுடன் தனித்தொகை உண்டு. கருகிய கொழுந்து தராசில் ஏறாது. கவாத்துச் செய்து, செடி மீண்டும் துளிர்க்கப் பல வாரங்கள் ஆகும். பிள்ளையின் பள்ளிச் செலவும் மளிகைக் கடன் பாக்கியும் அதுவரை காத்திருக்க வேண்டும். ஆகவே லயத்து வீடுகளில் மாலை நேரத்திலேயே வானத்தைப் பார்ப்பார்கள். மேகம் இருந்தால் கவலை இல்லை. விண்மீன்கள் தெளிவாகத் தெரிந்தால், இளங்கன்றுகளைப் புல்லாலும் பெரணியாலும் மூடிக் காக்க வேண்டியிருக்கும்.

குல்மார்க்கிலும் வானத்தைப் பார்த்து வாழ்வோர் உண்டு. பனிச்சறுக்குப் பயிற்றுநர், சறுக்குவண்டி இழுப்போர், குதிரைக்காரர் ஆகியோருக்குப் பனி வந்தால்தான் வருமானம். 2024 சனவரியில் அச்சரிவுகள் பனியின்றிப் பழுப்பு நிறமாகக் கிடந்தன. 2025 பிப்ரவரியில் அங்கு நடைபெறவிருந்த கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகள், போதிய பனி இல்லாமையால் மார்ச்சு மாதத்திற்குத் தள்ளிவைக்கப்பட்டன. அங்குப் பனி வராதது வறுமை. இங்குப் பனி வந்தது வறுமை. பயணம் வந்தவர் இரண்டு இடங்களிலும் மறுநாளே ஊர் திரும்பிவிடலாம். மலையில் வாழ்பவருக்கு அவ்வாறு இயலாது.

மலையழகைக் காணச் செல்வதில் தவறில்லை. பனி படர்ந்த காலையில் தேயிலை வரிசைக்குள் இறங்கிக் கிளைகளை மிதிக்காமல், பாதையில் நின்றே பார்க்கலாம். அருகில் கூடையுடன் நிற்பவரிடம், “அம்மா, இந்தப் பனியால் உங்களுக்கு இன்று வேலை உண்டா?” என்று கேட்கலாம். அவர் சொல்லும் மறுமொழியில் அந்த மலையின் மற்றொரு பக்கம் விளங்கும்.

பயிற்சி

1. உறைபனிக்கும் வெண்பனிக்கும் உள்ள வேறுபாட்டை எழுதுக.
2. ஆனைமுடி உயர்ந்திருந்தும் அங்கு வெண்பனி பொழியாமைக்குக் காரணங்கள் யாவை?
3. உம் பெற்றோரின் தொழிலை மழை, வெயில், பனி ஆகியவற்றுள் எது மிகுதியாகப் பாதிக்கிறது? அவர்களிடம் கேட்டுப் பத்து வரிகளில் எழுதுக.