அளவறிந்த மூச்சு

மண்ணால் மனிதனை வனைந்த இறைவன் அவன் நாசியில் உயிர்மூச்சை ஊதினார் என்று தொடக்கநூல் கூறுகிறது. எத்துணை வலுவாக ஊதினார் என்று நாம் கேட்டதில்லை. தானாக மூச்சுவிட இயலாதவருக்கு மருத்துவர் மூச்சூட்டும்போதோ, அந்தக் கேள்விதான் வாழ்வுக்கும் சாவுக்கும் இடையே நிற்கிறது.

கொரோனா பரவிய 2020, 2021ஆம் ஆண்டுகளில் ‘வெண்டிலேட்டர்’ என்னும் சொல் நம் இல்லங்களிலெல்லாம் ஒலித்தது. அக்கருவி கிடைத்தால் பிழைத்துவிடுவார் என நம்பினோர் உண்டு. அதில் வைத்தாலே முடிவுதான் என அஞ்சினோரும் உண்டு. கருவியின் இயல்பை அறிந்தால் இவ்விரு எண்ணங்களும் அளவுக்குள் அடங்கும்.

1952இல் டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகரில் இளம்பிள்ளை வாதம் பரவியது. மயக்கவியல் மருத்துவர் பியோர்ன் இப்சென், நோயாளிகளின் தொண்டையில் துளையிட்டுக் குழாய் பொருத்தி, ரப்பர்ப் பையைக் கையால் அழுத்திக் காற்றூட்டச் செய்தார். ஏறத்தாழ 1,500 மாணவர்கள் இரவும் பகலும் முறைவைத்து அப்பைகளை அழுத்தினர். பலர் பிழைத்தனர். இன்றைய தீவிர சிகிச்சைப் பிரிவின் பிறப்பிடங்களுள் ஒன்று அது.

அந்நோயாளிகளை வீழ்த்தியது மூச்சுத் தசைகளின் முடக்கம். கடுமையான வைரஸ் நிமோனியாவிலோ நுரையீரலே புண்பட்டுக் கிடக்கிறது. அதன் நுண்ணறைகள் பல நீர் கோத்து மூடிவிடுகின்றன. சில மட்டுமே திறந்திருக்கின்றன. கருவி தள்ளும் காற்று, வழி எளிதாயுள்ள அந்தச் சிலவற்றையே நாடிப் பாய்கிறது. நலமாக எஞ்சியவை அளவுக்கு மீறி விரிந்து கிழிகின்றன. மூடியவை ஒவ்வொரு மூச்சிலும் வலிந்து திறந்து மீண்டும் மூடுவதால் உராய்ந்து நைகின்றன. அங்கு எழும் அழற்சி குருதியில் கலந்து சிறுநீரகம் முதலிய உறுப்புகளையும் தாக்குகிறது. காக்க வந்த மூச்சே காயமாகிவிடுகிறது.

மிகுந்த அழுத்தத்தில் காற்றூட்டினால் நலமான நுரையீரலிலும் விரைவில் நீர் கோக்கும் என்பதை எலிகளில் நிகழ்ந்த ஓர் ஆய்வு 1974இலேயே காட்டியது. எனினும், குருதியிலுள்ள வாயுக்களின் அளவு இயல்புக்குத் திரும்பவேண்டும் என்ற நல்லெண்ணத்தால் பெரிய மூச்சுகளே நெடுங்காலம் தரப்பட்டன. 2000ஆம் ஆண்டில் அமெரிக்க ஆய்வொன்று 861 நோயாளிகளை இரு பிரிவாக்கியது. உயரத்தைக்கொண்டு கணித்த உடல் எடையில், கிலோவுக்கு 12 மில்லிலிட்டர் என்ற அளவில் ஒரு பிரிவினருக்கும், 6 மில்லிலிட்டர் என்ற அளவில் மற்றப் பிரிவினருக்கும் மூச்சளிக்கத் தொடங்கினர். முதற்பிரிவில் ஏறத்தாழ 40 விழுக்காட்டினர் இறந்தனர். சிறிய மூச்சு பெற்றோருள் 31 விழுக்காட்டினரே இறந்தனர். கரியமில வாயு சற்று மிகுந்தாலும் பொறுத்துக்கொள்ளலாம், நுரையீரலை வருத்தலாகாது என்பதே அன்று கற்ற பாடம். நோயாளியை நாள்தோறும் நெடுநேரம் குப்புறப் படுக்கவைப்பதும் உயிர்காக்கிறது என 2013இல் பிரெஞ்சு மருத்துவர்கள் காட்டினர். அவ்விதம் படுத்தால் காற்று நுரையீரலெங்கும் சீராகப் பரவுகிறது.

கூடுதலாகக் கொடுப்பதே அன்பு என்று நாம் பழகிவிட்டோம். நோயுற்றவருக்கு இன்னும் ஒரு கவளம், இன்னும் ஓர் ஊசி, இன்னும் ஒரு நாள் என்று வேண்டுகிறோம். புண்பட்ட நுரையீரலோ, தாங்கும் அளவைப் பார்த்துத் தரச் சொல்கிறது. கருவி நோயைக் குணப்படுத்துவதில்லை; உடல் தானே தேறுவதற்குக் காலம் வாங்கித் தருகிறது. அக்காலத்தைக் காயமின்றி வாங்குவதிலேதான் மருத்துவரின் திறமையும் செவிலியரின் விழிப்பும் அடங்கியுள்ளன.

காலம் வாங்கியும் உடல் தேறாத வேளை வரலாம். 1957 நவம்பர் 24 அன்று மயக்கவியல் மருத்துவர்களின் கேள்விகளுக்கு மறுமொழியளித்த திருத்தந்தை 12ஆம் பத்திநாதர், உயிரைப் பேண இயல்பான வழிகளைக் கையாளக் கடமையுண்டு, பெருஞ்சுமையாகும் அசாதாரண வழிகளுக்குக் கட்டாயமில்லை எனத் தெளிவுபடுத்தினார். செயற்கைச் சுவாசத்தை நிறுத்துவதும் சில நிலைகளில் முறையே என்றார். நம்மில் பலருக்கு இது தெரியாது. எனவே, குழாயை அகற்ற இசைந்த பிள்ளைகள் தந்தையைக் கொன்றுவிட்டதாக எண்ணி ஆண்டுக்கணக்கில் வருந்துகிறார்கள். அவர்களுக்குத் திருச்சபையின் இப்போதனையை எடுத்துச்சொல்வது நம் கடமை.

தீவிர சிகிச்சைப் பிரிவின் கதவருகே நிற்க நேர்ந்தால், “எல்லாவற்றையும் செய்யுங்கள்” என்று மட்டும் சொல்லாதிருப்போம். நுரையீரல் இன்று எப்படியிருக்கிறது, எவ்வளவு தாங்கும், நோயாளி எதை விரும்பியிருப்பார் என்று கேட்போம். உள்ளே அளவறிந்து மூச்சூட்டும் கைகளுக்காக மன்றாடுவோம்.