புது மண்டபத்துத் தையல் மெஷின்

முழங்கால் வலி இப்போது தேவலை. போன வாரம் ரவிக்கை தைக்கக் கொடுக்கப் போனேன். அதை எழுத உட்கார்ந்தால் முப்பது வருஷக் கதை வருகிறது. பொறுமையாகப் படியுங்கள்.

மீனாட்சியம்மன் கோயில் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே இருப்பது புது மண்டபம். பேர்தான் புதுசு. கட்டியவர் திருமலை நாயக்கர், 17ஆம் நூற்றாண்டில். நமக்கு அது வளையலும் பாத்திரமும் புத்தகமும் வாங்குகிற இடமாக இருந்தது. தூணுக்குத் தூண் ஒரு தையல் மெஷின் ஓடும். வெளிநாட்டுக்காரர்கள் ஒரு பழைய சட்டையைக் காட்டி, "இதே மாதிரி வேணும்" என்று கேட்பார்கள். கோயிலைச் சுற்றிப் பார்த்துவிட்டு வருவதற்குள் தைத்து மடித்து வைத்திருப்பார்கள்.

அங்கே தைத்துக்கொண்டிருந்த ஒருவரின் மகன் என்னிடம் படித்தான். பெயர் வேண்டாம், அவனும் இதைப் படிப்பான். மார்கழி, தை வந்தால் ஆளைக் காணாது. அப்பா தைப்பார், இவன் கோபுர வாசலில் நின்று ஆட்களை அழைத்து வருவான். ஒருநாள் பெஞ்சு மேல் ஏற்றினேன்.

"சீசனை விட்டா வருஷம் பூரா கஷ்டம் டீச்சர்" என்றான்.

எதிர்த்தா பேசுகிறாய் என்று இன்னொரு பீரியடும் நிற்கவைத்தேன். அவன் பேசுகிற இங்கிலீஷ் என் இங்கிலீஷைவிட சரளம் என்பது வேறு விஷயம்.

அந்த வீட்டுக் கணக்கு எனக்குப் பிடிபட இரண்டு வருஷம் ஆனது. டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை வெளிநாட்டுக்காரர்கள். பங்குனி பிறந்தால் சித்திரைத் திருவிழா வேலை. அழகருக்கு வேடம் கட்டுகிறவர்களுக்குச் சல்லடமும் உருமாவும் ராத்திரி பகலாகத் தைப்பார்கள். ஜூனில் யூனிஃபார்ம். ஆடி தொடங்கி தீபாவளி நெருங்கும் வரை வட்டிக்கடன். ஒரு சட்டைக் காசில் துணிக்கடைக்காரர், கூட்டிவந்தவரின் கமிஷன், டீக்கடைப் பையன் என்று பல பேருக்குப் பங்கு. அவன் அம்மா வீட்டிலிருந்தே காஜா எடுத்து பட்டன் கட்டுவார். அதுதான் அவன் நோட்டுப் புத்தகக் காசு.

"படிச்சு வேற வேலைக்குப் போடா" என்று நான் சொன்னது சொன்னதுதான். பி.காம். முடித்து திருப்பூர் போனான். அப்பாவுக்குக் கண் மங்கியதும் திரும்பி வந்து மெஷினில் உட்கார்ந்துவிட்டான். 2020, 2021 இரண்டு வருஷமும் சித்திரைத் திருவிழாவுக்கு ஜனங்களை விடவில்லை. தைத்த வேடத்துணி மூட்டையாகப் பரணில் ஏறியது.

அப்புறம் மண்டபத்தைப் பாதுகாக்க வேண்டும் என்று கடைகளைக் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றினார்கள். அதை நான் குறை சொல்ல மாட்டேன். சிற்பத்தின் மேல் நைட்டி தொங்குவதைப் பார்த்து நானே திட்டியிருக்கிறேன். சத்திரம் ஒன்றும் வெகு தூரமில்லை, பழைய ஆட்கள் தேடிப் போகலாம். ஊருக்குப் புதிதாக வருகிறவர் எங்கே தேடுவார்? வழியில் கண்ணில் பட்டதால்தானே நின்றார்கள்.

"கூட்டம் குறைஞ்சிருச்சாப்பா?" என்றேன்.

"கூட்டத்துக்கென்ன டீச்சர், முன்னைவிட ஜாஸ்தி. வேன்ல வர்றாங்க, சாமி கும்புடுறாங்க, ஜிகர்தண்டா குடிக்கிறாங்க, ராமேஸ்வரம் கிளம்பிர்றாங்க. எனக்கு வேண்டியது ஒரு மணி நேரம் நிக்கிற ஆளு."

மதுரைக்கு டூரிஸ்ட் வந்தால் ஊருக்கே வருமானம் என்று வகுப்பில் எத்தனை வருஷம் சொல்லிக் கொடுத்தேன்! லாட்ஜுக்கும் ஹோட்டலுக்கும் வேன்காரருக்கும் வருகிறது, நிஜம்தான். காஜா எடுக்கிற அம்மா வரைக்கும் அது வந்து சேர, வந்தவர் அந்த வாசலில் நிற்க வேண்டியிருக்கிறது.

அவன் மகன் பிளஸ் டூ முடித்திருக்கிறான். ஹோட்டல் மேனேஜ்மென்ட் சேர்க்கலாமா, இல்லை தொழில் கற்றுக்கொடுக்கலாமா என்று என்னிடம் கேட்டான். அந்தக் காலமாக இருந்தால் பட்டென்று பதில் சொல்லியிருப்பேன். "பையனைக் கூட்டிட்டு வா, அவன்கிட்ட பேசிப் பாக்குறேன்" என்றேன். ஞாயிற்றுக்கிழமை வருகிறார்கள். நம் பிள்ளைகளில் ஹோட்டல் துறையில் இருப்பவர்கள், முதல் சம்பளம் எவ்வளவு, எத்தனை மணி நேர வேலை என்று மறைக்காமல் அதற்குள் எனக்கு எழுதுங்கள்.

ரவிக்கை வியாழக்கிழமை கிடைக்கும். கூலியில் பத்து ரூபாய் குறைத்துக்கொண்டான். நான் விடவில்லை.