உடைத்தும் சாகாத விமானம்

புனேயின் லோஹகாவ் விமானதளத்தில் பயணிகள் விமானமும் சுகோய் போர் விமானமும் ஒரே ஓடுபாதையைப் பகிர்ந்துகொள்கின்றன. டில்லிக்கு அவசரமாகப் பறக்கும் பயணிகளில் எத்தனை பேருக்கு லிபரேட்டரைத் தெரியும்? 1951இல் புனேயில் மீண்டும் உருவாக்கப்பட்ட இந்திய விமானப்படையின் 6ஆவது ஸ்குவாட்ரன், கடல் கண்காணிப்புக்கு நம்பியது இந்த நான்கு எஞ்சின் பி-24 குண்டுவீச்சு விமானங்களைத்தான். 1968 வரை அவை பறந்தன.

லிபரேட்டருக்குள் நுழைய முதுகை வளைத்தாக வேண்டும். விமானத்தின் வயிறு தரைக்கு அவ்வளவு அருகில் இருக்கிறது. குண்டு அறையின் கதவுகள் வெளியே விரிவதில்லை. கடை ஷட்டர் போலப் பக்கவாட்டில் மேலேறுகின்றன. உள்ளே நடுவில் ஒரு நடைபாலம். அகலம் சுமார் 9 அங்குலம், ஒரு சாண்தான். இருபக்கமும் குண்டுகளை மாட்டும் சட்டங்கள். பாராசூட்டைக் கட்டிக்கொண்டு இதில் நுழைவது பெரும்பாடு. கால் தவறினால் கீழே இருப்பது ஆள் எடையைத் தாங்காத மெல்லிய கதவு. முன்பக்கம் ஏறினால் விமானிகளின் இருக்கைகள். மூக்குப் பகுதிக்குப் போகத் தவழ வேண்டும்.

பின்பக்கம் இன்னும் கடுமை. இருபுறமும் துப்பாக்கி வீரர்களுக்கான பெரிய ஜன்னல்கள். அவற்றைத் திறந்து வைத்துக்கொண்டுதான் போரில் பறந்தார்கள். சுவரில் மெத்தையும் இல்லை, மறைப்பும் இல்லை. வெறும் அலுமினியத் தகடும் ரிவெட்டும்தான். காற்றழுத்த வசதி கிடையாது. 20,000 அடிக்கு மேலே உறைய வைக்கும் குளிரில் ஆக்சிஜன் முகமூடியோடு மணிக்கணக்கில் நிற்க வேண்டும். உள்ளே பத்து நிமிடம் இருந்தாலே முதுகு வலிக்கும் இடம் இது.

அமெரிக்காவில் காலிங்ஸ் அறக்கட்டளையின் லிபரேட்டர் 1989 முதல் 2019 வரை ஊர் ஊராகப் பறந்துபோய், பொதுமக்களை இப்படி உள்ளே ஏற்றிக் காட்டியது. வரிசையில் நின்று ஏறியவர்கள் கண்டது அமெரிக்கக் குண்டுவீச்சுப் படையின் வண்ணமும் பெயரும். ஆனால் அது ஓய்வு பெற்றது இந்திய விமானப்படையிலிருந்து. 1981இல் பிரிட்டிஷ் சேகரிப்பாளர் ஒருவர் இங்கிருந்து வாங்கிப் பிரித்து எடுத்துப் போன விமானம் அது.

கதையின் தொடக்கம் கான்பூர். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப்படையின் லிபரேட்டர்கள் பர்மா போருக்காக இந்தியாவில் குவிந்தன. சென்னை பரங்கிமலையிலும் இலங்கையின் காங்கேசன்துறையிலும் கூட அவை இருந்தன. போர் முடிந்தது. அமெரிக்கா கடனாகக் கொடுத்தவை. திருப்பித் தர வேண்டும் அல்லது அழிக்க வேண்டும் என்பது ஒப்பந்தம். ஆகவே கான்பூரில் குவித்து, இனி பறக்கக் கூடாது என்று உடைத்துப் போட்டுவிட்டுப் போனார்கள்.

விடுதலை பெற்ற இந்தியாவுக்குக் கனரகக் குண்டுவீச்சு விமானம் அவசரத் தேவை. பெங்களூர் ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் தொழிற்சாலையின் ஆட்கள் கான்பூர் குப்பையைக் கிளறினார்கள். ஒன்றின் உறுப்பைக் கழற்றி இன்னொன்றில் மாட்டி, பெங்களூர் வரை தாங்கினால் போதும் என்ற அளவுக்குத் தேற்றினார்கள். அவற்றை ஓட்டிப் போனவர் தொழிற்சாலையின் விமானி ஜம்ஷெட் முன்ஷி. இப்படி 42 விமானங்கள் பெங்களூர் போய்ச் சேர்ந்து முழுப் பழுது பார்க்கப்பட்டதாகச் சொல்லப்படுகிறது. 1948 நவம்பரில் 5ஆவது ஸ்குவாட்ரன் லிபரேட்டர்களுடன் உருவானது. அடுத்தது புனே.

வேடிக்கை இங்கேதான். அமெரிக்கா 18,000க்கும் அதிகமான லிபரேட்டர்களைத் தயாரித்தது. பழுதில்லாமல் நாடு திரும்பிய நூற்றுக்கணக்கானவற்றை அரிசோனா பாலைவனத்தில் உருக்கி அலுமினியமாக்கியது. அழித்தாயிற்று என்று நினைத்த கான்பூர் விமானங்கள்தான் இருபது வருடம் உழைத்தன. 1968க்குப் பின் உலக அருங்காட்சியகங்கள் தேடி வந்தது இந்தியாவை. பழைய லைசாண்டர் விமானம் ஒன்றைக் கொடுத்து கனடா ஒரு லிபரேட்டரைப் பெற்றது. லண்டன் அருங்காட்சியகத்துக்கு ஒன்று 1974இல் பறந்து போனது. அரிசோனாவின் பீமா அருங்காட்சியகத்துக்கும் ஒன்று போயிற்று.

உலகில் மிஞ்சியிருக்கும் விரல்விட்டு எண்ணக்கூடிய லிபரேட்டர்களில் கணிசமானவை இந்தியாவில் பிழைத்தவை. அவற்றின் மூக்கில் வெளிநாட்டுப் போர் வீரர்கள் வைத்த பெயர்கள் வண்ணத்தில் மின்னுகின்றன. கான்பூரில் ரிவெட் அடித்தவர்களின் பெயர் எதிலும் இல்லை. டில்லி பாலம் விமானப்படை அருங்காட்சியகத்தில் நிற்கும் லிபரேட்டர் மட்டும் இன்னமும் இந்திய வண்ணத்தில்தான் நிற்கிறது.