தேயிலைப் பெட்டிக் கப்பல்

கிள்ளான் வீட்டின் சாப்பாட்டு மேசை மூன்று மாதமாக என் கப்பல் பட்டறை. 1:50 அளவில் ஓர் இழுவைப் படகு. முப்பது மீட்டர் நீளத்தை அறுபது சென்டிமீட்டரில் அடக்க வேண்டும். அட்டைப்பெட்டியில் எல்லாம் அளவாக வெட்டியே வந்திருக்கிறது. மரக்கீற்றுகளை வெந்நீரில் ஊறவைத்து, வளைத்து, ஒட்டுவது மட்டும்தான் என் பாடு. பசை நாறுகிறது. தேயிலை மணக்கவில்லை.

கேமரன் மலைத் தோட்டத்து லயத்தில் தாத்தா எனக்குச் செய்து தந்த படகு மணக்கும். அப்போது தேயிலைத் தூள் ஒட்டுப்பலகைப் பெட்டிகளில்தான் மலையிறங்கும். உள்ளே ஈயத்தாள், விளிம்பெல்லாம் தகரப்பட்டை. உடைந்த பெட்டி ஒன்று அவர் கையில் சிக்கியது. பலகை படகாயிற்று, தகரம் சுருண்டு புகைபோக்கியாயிற்று.

1963இல் பெர்த்தாம் ஆற்றை மறித்து ரிங்லெட்டில் அணை கட்டியிருந்தார்கள். மலையையே பார்த்து வளர்ந்த எங்களுக்கு அந்த ஏரி அதிசயம். தாத்தாவுக்கு அது நாகப்பட்டினம். அங்கிருந்து 1937இல் ‘ராஜூலா’ கப்பலில் வந்தவர். கப்பல் கரைக்கு வராது, தள்ளி ஆழத்தில் நிற்கும். ஆட்களை ஏற்றிய தோணிகளை வரிசையாகக் கட்டி, கறுப்பாய் ஒரு குட்டிப் புகைப்படகு இழுத்துப் போனதாம். கிளாஸ்கோவில் கட்டிய அவ்வளவு பெரிய கப்பலைப் பற்றி அவரிடம் கதையே இல்லை. அந்தக் குட்டிப் படகைப் பற்றி மட்டும் வாய் ஓயாது.

கயிறு மாட்டும் கொக்கியை அவர் படகின் நடுப்பக்கமாக அடித்தார்.

“பின்னாடி ஓரத்துல அடிங்க தாத்தா.”

“அங்க கட்டுனா திரும்பாதுடா.”

நான் நம்பவில்லை, கிழவருக்குக் கண் சரியில்லை என்று நினைத்தேன். போன வாரம் செய்முறைத் தாளைப் புரட்டினால், கொக்கியின் இடம் நடுவுக்குச் சற்றே பின்னால்! கயிறு பின்முனையில் இருந்தால் இழுபடும் சுமை அந்த முனையையே பிடித்துக்கொள்ளும், படகால் திரும்ப முடியாது. நடுவில் இருந்தால்தான் பின்புறம் இரு பக்கமும் சுழலும். ஊரை விட்டுப் போகிற துக்கத்தில், தோணியில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்த பதினெட்டு வயதுப் பையன் இதையும் பார்த்திருக்கிறான்.

ஏரியில் எங்கள் படகுக்குப் பின்னால் மூன்று சாடின் டின்கள் போகும். ஒவ்வொன்றிலும் கொழுந்துக் காம்புகளை நிறுத்தி வைப்பார். “நடு டின்னுல நிக்கிறது நான்” என்பார்.

லயத்தைக் காலி செய்த அன்று படகு அடுப்படிப் பரணில் இருந்தது. லோரியில் இடமில்லை, பிறகு எடுக்கலாம் என்றார் அப்பா. எடுக்கவில்லை. ராஜூலாவை 1974இல் உடைத்துவிட்டார்கள். தூள் இப்போது காகிதச் சாக்கில் போகிறது. ஏரியைச் சேறு தின்றுகொண்டிருக்கிறது. எங்கள் லயத்தில் வங்காளதேசத்துப் பையன்கள் இருக்கிறார்கள். பரணில் அவர்கள் என்ன வைத்திருப்பார்களோ.

நேற்றிரவு கொக்கியை ஒட்டினேன். பசை காய்வதற்குள் சாடின் டின் மூன்றைக் கழுவிக் கவிழ்த்தும் வைத்தாயிற்று. பேரனுக்கு என்று வீட்டில் சொல்லியிருக்கிறேன்.