பாகாயத்தில் தாய்க்கும் இடமுண்டு

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் (சிஎம்சி) மனநல மையம் பாகாயத்தில் இருக்கிறது. 1950களில் தொடங்கிய அந்த மையத்தில் நோயாளியைச் சேர்த்துவிட்டு வீட்டார் ஊருக்குக் கிளம்பிவிடுவதில்லை. குடும்பத்தில் ஒருவர் கூடவே தங்க வேண்டும். சமைத்துப் போடவும் துணி துவைக்கவும் மட்டுமல்ல, சிகிச்சையில் பங்கெடுக்கவும்.

அங்குள்ள நம்பிக்கை நிலையம் வளர்ச்சிக் குறைபாடுள்ள குழந்தைகளுக்கானது. பிள்ளைக்குச் சட்டைப் பொத்தான் போடப் பழக்கும் வேலையைச் சின்னச் சின்னப் படிகளாகப் பிரித்து, முதலில் தாய்க்குக் கற்றுத் தருகிறார்கள். கடைசிப் பொத்தானைப் பிள்ளை தானே மாட்டினால் அன்றைக்கு அது போதும். ‘யார் செய்த பாவம்?’ என்று ஊர் கேட்ட கேள்வியைச் சுமந்து வந்தவளுக்கு, அதே கேள்வியோடு வந்த இன்னொரு தாய் பக்கத்திலேயே இருக்கிறாள். பாதி மருந்து அதுதான்.

யோவான் 9-இல் பிறவிக் குருடனைக் கண்டு இயேசுவின் சீஷர்கள் கேட்டதும் இதே கேள்விதான். அவரோ அந்தப் பழியைப் பெற்றோர்மேல் போட மறுத்துவிட்டார்.

ஆனாலும் கிறிஸ்தவ வீடுகளில் பிரம்பைப் பற்றிய நீதிமொழிதான் எல்லோருக்கும் மனப்பாடம். பிள்ளைகள் மனம் சோர்ந்துபோகும்படி அவர்களை எரிச்சலூட்டக் கூடாது என்று தகப்பன்மாருக்குச் சொல்லும் கொலோசெயர் 3:21-ஐ யாரும் சுவரில் மாட்டுவதில்லை. மாட்ட வேண்டும்.

அப்படி மனம் சோர்ந்து, சாக வேண்டும் என்று சூரைச்செடியின் கீழ் படுத்த எலியாவைத் தேவதூதன் கடிந்துகொள்ளவில்லை. தட்டி எழுப்பி, தணலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான், மறுபடி தூங்கவிட்டான். பரீட்சையில் தோற்று அறைக்கதவைச் சாத்திக்கொள்ளும் பிள்ளைக்கும் முதலில் சோறும் தூக்கமும் கிடைக்கட்டும். ஜெபத்தோடு மருத்துவரிடமும் கூட்டிப் போகலாம். அது விசுவாசக் குறைவு ஆகாது.