வேரோடு வந்த தொழில்

2024 மே 7, பிற்பகல். காற்றும் மழையுமாக அடித்த நேரத்தில் கோலாலம்பூர் சுல்தான் இஸ்மாயில் சாலையில் ஒரு பெருமரம் வேரோடு சாய்ந்தது. ஒருவர் உயிரிழந்தார், 17 வாகனங்கள் நசுங்கின, மோனோரயில் நின்றது. வீட்டு முன்னாலும் பின்னாலும் பெரிய மரம் வைத்திருந்த பலருக்கு அன்று தொடங்கிய பயம் இன்னும் அடங்கவில்லை. மழை மேகம் கூடும் போதெல்லாம் மரம் வெட்டுகிறவர்களின் கைப்பேசி ஒலிக்கிறது. கிளை இறங்குகிறது, நடுமரம் இறங்குகிறது, எல்லாம் லோரியில் ஏறிப் போகிறது. கடைசியில் மண்ணைக் கவ்விக்கொண்டு அடிக்கட்டை மட்டும் நிற்கும். அதைத் தோண்டி எடுக்கக் கூலி தனி. குப்பைமேட்டில் எடைபோட்டுத்தான் காசு வாங்குகிறார்கள், வேரில் ஒட்டிய மண்ணுக்கும் சேர்த்தே எடை. அதனால் வீட்டுக்காரரும் வேண்டாம் என்பார், வெட்டியவரும் வேண்டாம் என்பார்.

இப்படி இருவரும் கைவிட்ட கட்டைகளை வாங்கிச் சேர்த்து, வீட்டுத் தோட்டத்தில் உட்கார ஆசனமாகவும் செடி ஏறும் மேடையாகவும் ஆக்கித் தருகிற ஒரு சிறு குழு கிள்ளானில் வேலை செய்கிறது என்று கேள்விப்பட்டுப் போனேன். காப்பார் சாலையிலிருந்து உள்ளே திரும்பினால் செம்மண் வளவு, ஒரு தகரக் கொட்டகை. வளவு முழுக்கக் கட்டைகள் தலைகீழாகக் கிடந்தன, வேர்கள் வானத்தைப் பார்த்தபடி. அறுபதைக் கடந்த ஒரு பெரியவர், அவருடைய அக்காள் மகன், வங்காளதேசத்திலிருந்து வந்த ஓர் இளைஞர். குழு அவ்வளவுதான்.

“எங்க தாத்தாவுக்குக் கட்டைன்னாலே ஆகாது தம்பி. பார்த்தா தோண்டி எறிஞ்சிட்டுத்தான் மறு வேலை” என்று பேச்சை ஆரம்பித்தார் பெரியவர்.

அவர் பிறந்தது இதே வட்டாரத்தில் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில். பால்மரம் 25, 30 வருடத்தில் ஓய்ந்துவிடும். பிறகு மறுநடவு. அப்போது பழைய கட்டையை மண்ணுக்குள் விட்டுவைத்தால் வெள்ளை வேர் நோய் பிடிக்கும். ஒருவகைப் பூஞ்சை, செத்த கட்டையில் குடியிருந்து, வெள்ளைச் சரடாக வேர்வழியே நகர்ந்து, புதிய கன்றின் வேரைத் தொட்ட இடத்தில் ஏறிவிடும். இலை மஞ்சளானபின் பார்த்துப் பயனில்லை, கீழே எல்லாம் முடிந்திருக்கும். அதனால் கட்டை பிடுங்குவது அன்று ஒரு தனி வேலை. புல்டோசர் வராத இடங்களில் சங்குல் மண்வெட்டி, கடப்பாரை, மனிதத் தோள். நிற்கிற மரத்தின் பட்டையைச் சுற்றிச் சீவி, சோடியம் ஆர்சனைட் என்ற கொடிய நஞ்சைப் பூசிக் கொன்ற காலமும் இருந்தது. அதைக் கையால் தொட்டு வேலை செய்தவர்களில் தமிழர் ஏராளம். மலாயாவின் ரப்பர் வரலாற்றில் நட்டவர்கள் பெயரும் விற்றவர்கள் பெயரும் கிடைக்கும், வேர் பிடுங்கியவர்கள் பெயர் கிடைக்காது. எனக்கு இது ஆறாத ஒன்று.

அப்பா காலத்தில் கணக்கு மாறியது. 1970கள்வரை வெட்டிய பால்மரம் பெரும்பாலும் விறகுதான். செங்கல் சூளைக்கும், ரப்பர் புகைபோடும் கூடத்துக்கும் போகும், மீதியை எரிப்பார்கள். அறுத்துப் போட்ட ஓரிரு நாளில் நீலம் பாயும், வண்டு துளைக்கும். மரத்தில் மாவுச்சத்து அவ்வளவு. அறுத்த கையோடு போரான் கரைசலை அழுத்தத்தில் ஏற்றி, சூளையில் உலர்த்தினால் அது அழகான மேசை நாற்காலி மரம் என்று கெப்போங்கில் உள்ள மலேசிய வன ஆராய்ச்சிக் கழகத்தாரும் பிறரும் காட்டிய பிறகு ஒரு பெரிய ஏற்றுமதித் தொழிலே எழுந்தது. பெரியவரின் தகப்பனார் அந்த மரத்தை லோரியில் ஏற்றியவர். வெட்டிய மறுநாளே ஆலைக்குப் போக வேண்டும் என்று ராத்திரியும் ஏற்றுவார்களாம். ஆனால் அதிலும் கட்டைக்கு இடமில்லை. நேராக அறுபடும் நடுமரம்தான் ஆலைக்கு வேண்டும்.

தாத்தா ஒழித்ததையும் அப்பா ஒதுக்கியதையும் பேரன் கழுவித் துடைத்து வைத்துக்கொண்டிருக்கிறார். அவரிடம் உள்ள அறிவு பூராவும் அந்த இரண்டு தலைமுறையிடமிருந்து வந்தது. எந்தக் கட்டை எத்தனை நாளில் உளுக்கும், பூஞ்சை எங்கிருந்து ஏறும், கறையான் எதை விடும், எதை விடாது என்று கட்டையோடு போராடியவர்களுக்குத் தெரிந்த அளவு கட்டையை ரசிக்கிறவர்களுக்குத் தெரியாது.

வேலையைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். முதலில் கழுவல். அழுத்தமாகப் பீய்ச்சும் தண்ணீர்க் குழாயால் வேர் இடுக்கில் இருக்கிற மண்ணையும் சரளையையும் வெளியேற்றுகிறார் வங்காளதேச இளைஞர். ஒரு சின்னக் கல் இருந்தாலும் செயின்சாவின் பல் போய்விடும். அடுத்து காந்தம். கயிற்றில் கட்டிய ஒரு காந்தத்தைக் கட்டை முழுக்க ஓட்டிப் பார்க்கிறார்கள். வீட்டு மாமரத்தில் துணிக்கொடிக்கு அடித்த ஆணி, பலகை மாட்டிய கம்பி எல்லாவற்றையும் மரம் தன் சதைக்குள் விழுங்கி மூடியிருக்கும். வெளியே தழும்புகூடத் தெரியாது. சங்கிலி வேகமாகச் சுழலும்போது ஆணியில் பட்டால் அறுந்து முகத்துக்கு வரும்.

பிறகு பட்டை உரிக்கிறார்கள். பட்டையோடு இருந்தால்தான் பார்க்க இயற்கையாக இருக்கும் என்று பலர் கேட்கிறார்களாம். பெரியவர் இணங்குவதில்லை. பட்டைக்கும் மரத்துக்கும் நடுவில்தான் ஈரம் தங்கும், வண்டு முட்டையிடும். பாராங் கத்தியின் முதுகால் தட்டி, சத்தம் கேட்டு, விரல்நகத்தால் கீறி, முகர்ந்து பார்க்கிறார். பலா என்றால் அவர் முகம் மலர்கிறது. மஞ்சள் வைரம், கறையான் லேசில் தொடாது. தவிலுக்கும் மிருதங்கத்துக்கும் கொட்டு செய்கிற மரமல்லவா. தூங்குமூஞ்சி மரம் அடுத்தது. மாவும் ரம்புத்தானும் ஆசனத்துக்கு ஆகாது, வேறு வேலைக்கு ஆகும். தென்னை, செம்பனை இரண்டையும் வளவுக்குள்ளேயே விடுவதில்லை. அவை நாரால் ஆனவை, சீக்கிரம் மக்கும். மக்குகிற பனையில் காண்டாமிருக வண்டு குஞ்சு பொரித்துப் பக்கத்து வீட்டுத் தென்னங்குருத்தைத் தின்னும். செம்பனைக் கட்டையிலிருந்து கானோடெர்மா பூஞ்சையும் பரவும். “அழகுக்கு ஒண்ணு வச்சி அடுத்த வீட்டு மரத்தைச் சாகடிக்கலாமா?” என்றார்.

என்னை அதிக நேரம் நிறுத்தி வைத்தது பிளவு பற்றிய வேலை. மரம் உலரும்போது வளையத்தின் போக்கில் சுருங்குவது, நடுவிலிருந்து வெளியே போகும் போக்கில் சுருங்குவதைப் போல ஏறத்தாழ இரு மடங்கு. ஆகவே வட்டமாக அறுத்த கட்டை எங்காவது பிளந்தே தீரும். பிளக்காமல் செய்ய இவர்களால் முடியாது, எங்கே பிளக்க வேண்டும் என்று சொல்ல முடியும். சுவர்ப்பக்கம் போகப்போகும் பகுதியைத் தேர்ந்து, விளிம்பிலிருந்து நடுவரை செயின்சாவால் ஒரே ஒரு கீறல் போடுகிறார்கள். சுருக்கம் முழுவதும் அந்த வாய் வழியே போய்விடுகிறது. வெட்டுமுகத்தில் மெழுகு பூசி, நிழலில் வைத்து, மாதக்கணக்கில் விடுகிறார்கள். தூங்குமூஞ்சிக்கு இந்தப் பாடு குறைவு. அது சுருங்குவதே கொஞ்சம் என்பதால் பச்சையாகவே அறுத்துச் செதுக்கலாம்.

போரான் பூசுகிறீர்களா என்று கேட்டேன். உள்ளே வைக்கிற கட்டைக்குப் பூசுவார்களாம். வெளியே வைப்பதற்குப் பூசி என்ன பயன், மழையில் கரைந்து ஓடிவிடும். பழைய எஞ்சின் எண்ணெய் பூசுகிறவர்கள் உண்டு, அது மண்ணைக் கெடுக்கும் என்று இவர் தொடுவதில்லை. ஆண்டுக்குச் சுமார் 2,500 மில்லிமீட்டர் மழை கொட்டுகிற ஊரில் கட்டையைக் காப்பாற்றுவது மருந்தைவிட, வைக்கிற விதம்தான். மண்ணில் நேரே படாமல் அடியில் ஒரு சாண் சல்லி. மேல்முகம் கண்ணுக்குத் தெரியாத அளவு ஒரு பக்கம் சரிவு. நடுவில் பொந்து இருந்தால் அதன் அடியிலிருந்து பக்கவாட்டில் துளை.

அந்தத் துளையில் பெரியவர் கண்டிப்பானவர். பொந்தில் ஒரு கிண்ணம் மழைநீர் தங்கினால் போதும், ஏடிஸ் கொசு வந்துவிடும். காட்டில் மரப்பொந்துகளில் முட்டையிட்டுப் பழகிய கொசுதானே அது. வீட்டில் அதன் புழு இருந்தால் 1975ஆம் ஆண்டின் நோய் பரப்பும் பூச்சிகள் அழிப்புச் சட்டப்படி வீட்டுக்காரருக்கு அபராதம். அபராதத்தை விடுங்கள், டெங்கிக் காய்ச்சலில் ஆள் போன வீடுகள் இந்தக் கிள்ளான் பள்ளத்தாக்கில் பல தாமான்களில் உண்டு.

இன்னொரு நாள் அவர்களோடு பிரிக்பீல்ட்ஸ் போனேன். ஸ்காட் சாலைக் கந்தசாமி கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு பழைய வீடு. ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் தனியாக இருக்கிறார். பின்புறத்து மாமரம் அவருடைய அப்பா, ரயில்வேயில் வேலை பார்த்தவர், நட்டது. உள்ளே பொந்து விழுந்து ஆபத்தானதால் இடுப்பு உயரத்துக்கு அறுத்தாயிற்று. கட்டையைத் தோண்டக் கூடாது என்று ஆசிரியை அம்மா அழுதிருக்கிறார். சுவரிலிருந்து கட்டை எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று பெரியவர் முதலில் அளந்து பார்த்தார். கறையான் கட்டை வழியாக வீட்டுக்குள் ஏறும் என்பதால், கிட்டத்தில் இருந்திருந்தால் அம்மாவின் அழுகையையும் மீறி எடுத்திருப்பார். தள்ளித்தான் இருந்தது.

மாமரத்தில் வைரம் குறைவு, மக்கத்தான் போகிறது. ஆகவே மக்கட்டும் என்றே அமைத்தார்கள். மருமகன் உளியும் கொட்டாப்புளியுமாக மேல்முகத்தில் பள்ளங்கள் செதுக்கி, ஒவ்வொன்றிலும் வடிகால் துளையிட்டு, தேங்காய் மட்டை நாரும் கரித்துண்டும் நிரப்பினார். பறவைக்கூடு போல விரியும் பெரணி ஒன்று, மான்கொம்புப் பெரணி ஒன்று. பக்கவாட்டில் புறா ஆர்க்கிட் கொத்து, தெருவோரத் தூங்குமூஞ்சி மரத்திலிருந்து மழையில் விழுந்ததைப் பொறுக்கி வைத்திருந்தார் அம்மா. திடீர் மழையில் காற்று குளிர்ந்தால் அதிலிருந்து ஏறக்குறைய ஒன்பதாம் நாள் அந்த வட்டாரத்துப் புறா ஆர்க்கிட் எல்லாம் ஒரே காலையில் வெள்ளையாய்ப் பூக்கும். ஒரு நாள்தான், மறுநாள் வாடிவிடும். “மழை பேஞ்ச தேதிய காலண்டர்ல குறிச்சு வச்சிக்குங்க டீச்சரம்மா” என்றார் பெரியவர்.

கட்டையில் பெரணி வைப்பது நமக்கு மட்டும் தோன்றியதல்ல. இங்கிலாந்தில், ஸ்டாஃபோர்ட்ஷயரின் பிடல்ஃப் கிரேஞ்ச் மாளிகைத் தோட்டத்தில், 1856இல் எட்வர்ட் குக் என்ற ஓவியர் கட்டைகளை வேர் மேலாக அடுக்கி, இடுக்கில் பெரணி நட்டார். கட்டைத் தோட்டம் என்ற பாணிக்கு அதையே தொடக்கமாகச் சொல்கிறார்கள். அங்கே பெரணிப் பித்து பிடித்த செல்வந்தர்கள் தேடித் தேடி நட்டார்கள். இங்கே ஒரு கட்டையைச் சும்மா விட்டாலே காற்றில் வரும் வித்துத்தூள் பெரணியாக முளைத்துவிடும். நமக்குத் தேவை கட்டையை விட்டுவைக்கிற மனம்தான்.

இந்தப் பள்ளத்தாக்கின் தோட்டக்கலையே ஒதுக்கப்பட்டவர்களின் கையில் வளர்ந்தது என்று எனக்குத் தோன்றுகிறது. நாம் செடி வாங்க ஓடுகிற சுங்கை பூலோ நாற்றங்கால்களைப் பாருங்கள். 1930இல் திறக்கப்பட்ட தொழுநோயாளர் குடியிருப்பில், வெளியே வேலை கிடைக்காத நோயாளிகள் பூச்செடி வளர்த்து விற்றதிலிருந்து வந்தவை அவை. கேரித் தீவில் மா மெரி பழங்குடி மக்கள் சதுப்புநிலத்து நீரே பாத்து மரத்தின் ஒற்றைத் துண்டிலிருந்து முன்னோர் உருவங்களைச் செதுக்குகிறார்கள். அதற்காவது கைவினை என்ற மரியாதை வந்திருக்கிறது. கட்டை வேலைக்கு அதுவும் இல்லை. நிலவனப்பு நிறுவனம் ஒன்று இவர்களிடம் கட்டையை வாங்கி, தன் பெயரில் பலமடங்கு விலைக்கு வைத்ததை மருமகன் சொன்னார், கோபமில்லாமல். கோபம் எனக்கு வந்தது. காலுக்குக் காப்புறை, காதுக்கு மூடி, முகக்கவசம் என்று சொந்தக் காசில் வாங்கி வேலை செய்கிறார்கள் இவர்கள். அனுபவத்தைச் சான்றாக ஏற்று மலேசியத் திறன் சான்றிதழ் வழங்கும் வழி திறன் மேம்பாட்டுத் துறையில் இருக்கிறது. அந்த வாசல்வரை இவர்களை அழைத்துப்போக நம் சங்கங்களில் யாராவது முன்வர வேண்டும்.

சட்டமும் இவர்களுக்கு அத்துபடி. சுற்றளவு 0.8 மீட்டருக்கு மேலான மரத்தை ஊராட்சியின் எழுத்து அனுமதி இல்லாமல் வெட்டக்கூடாது என்கிறது 1976ஆம் ஆண்டின் நகர், கிராமத் திட்டமிடல் சட்டம். காய்ந்ததும் ஆபத்தானதும் விலக்கு. கிள்ளானில் வேலை என்றால் பெரியவர் முதலில் டேப்பை எடுத்து மரத்தைச் சுற்றுகிறார். அரசமரம், ஆலமரம் என்றால் கற்பூரம் ஏற்றி எலுமிச்சை வைத்த பிறகே கத்தி. அடியில் டத்தோ கோங் என்ற காவல் தெய்வத்தின் சிவப்பு மாடம் இருந்தால் அங்கேயும் கைகூப்பல்.

மேருவில் ஒரு வீட்டை இடித்துக் கட்டுகிறார்கள் என்று, எப்போதோ இவர்கள் வைத்த ஒரு தூங்குமூஞ்சி ஆசனம் வளவுக்கே திரும்பி வந்திருந்தது. பெரியவர் அதைப் புரட்டச் சொன்னார். ஒவ்வொரு கட்டையின் அடியிலும் மரத்தின் பெயரையும் வைத்த மாதத்தையும் வருடத்தையும் உளியால் வெட்டிவிடுவது அவர் பழக்கம். கெப்போங் ஆராய்ச்சிக் கழகத்தில் இரண்டடி நீளக் குச்சிகளை மண்ணில் நட்டு, இரண்டு வருடத்துக்குள் மக்குவது, பத்து வருடம் தாண்டுவது என்று மரங்களைத் தரம் பிரித்திருக்கிறார்கள். பெரியவரும் தன் பங்குக்கு வாடிக்கையாளர் தோட்டங்களில் அதையே செய்துவருகிறார். புரட்டிய கட்டையில் 2016 என்று இருந்தது. வைரம் அப்படியே, வெள்ளைப் பகுதி மட்டும் ஒரு விரல் அளவு மெத்தென்று போயிருந்தது, அதுவும் ஒரே பக்கத்தில். மருமகன் அங்கே கத்திமுனையால் குத்திப் பார்த்தார்.

“கூரைத்தண்ணி விழுந்த பக்கம் மாமா.”

“அப்ப அடுத்ததுக்கு அந்தப் பக்கம் சல்லிய ரெண்டு சாணாப் போடு” என்றார் பெரியவர், “இதை வழிச்சு எடுத்துட்டு மறுபடி மெழுகு பூசு, இன்னும் ஒரு வீட்டுக்குப் போகும்.”