இறக்கத்தின் கணக்கு

மலையேறும் வண்டிக்கு வலிமை வேண்டும். மலையிறங்கும் வண்டிக்கு அடக்கம் வேண்டும். ஏற்றத்தில் வலிமை குறைந்தால் வண்டி நின்றுவிடும். இறக்கத்தில் அடக்கம் குறைந்தால் அது நிற்கவே நிற்காது. தருமபுரிக்கும் சேலத்திற்கும் இடையே உள்ள தொப்பூர்க் கணவாய் இந்த எளிய உண்மையை நெடுங்காலமாக உணர்த்தி வருகிறது.

அதியமான் ஆண்ட தகடூர் மேட்டுநிலம் தெற்கு நோக்கிச் சேலத்துச் சமவெளிக்கு இறங்கும் வாயில் இக்கணவாய். மூன்றாம் மைசூர்ப் போரின்போது, 1790ஆம் ஆண்டில், திப்பு சுல்தானின் படை இவ்வழியாகவே கீழிறங்கியது. கால்நடையாகச் சென்றோருக்கும் பொதிமாடுகளுக்கும் அந்நாளில் இப்பாதை போதுமானதாக இருந்தது. களைத்த மாடு தானே நின்றுவிடும். சரிவில் கால் வழுக்கினாலும் இழப்பு ஓரிருவரோடு முடிந்துவிடும். இன்று அதே கணவாயின் வழியே ஸ்ரீநகரிலிருந்து கன்னியாகுமரி வரை நீளும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை செல்கிறது. வடமாநிலச் சரக்குகளும் பெங்களூரின் பேருந்துகளும் இரவுபகலாக இறங்குகின்றன. வழி பழையது, அதன்மேல் ஏற்றப்பட்ட சுமை புதியது.

அந்தச் சுமையின் விலை அடிக்கடி உயிராகச் செலுத்தப்படுகிறது. இரட்டைப் பாலம் என்னும் பெயரைக் கேட்டாலே இவ்வட்டாரத்து மக்களின் முகம் வாடும். 2020ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், கட்டுப்பாட்டை இழந்து இறங்கிய சரக்கு லாரி ஒன்று, முன்னே வரிசையாக நின்றிருந்த வாகனங்கள் பலவற்றின்மீது மோதியதில் நால்வர் உயிரிழந்தனர். நின்ற வண்டிக்குள் அமர்ந்திருந்தவர் செய்த பிழை யாது? இக்கேள்விக்கு விடை தேடும்போதுதான் சாலை என்பது தாரும் கல்லும் மட்டுமன்று என்பது விளங்கும்.

விபத்து நேர்ந்தவுடன் எழும் முதல் குரல் ஓட்டுநரைக் குற்றம் சாட்டும். அதில் உண்மை இல்லாமல் இல்லை. டீசலை மிச்சப்படுத்த எண்ணிக் கியரை நியூட்ரலில் வைத்து இறக்கத்தில் வண்டியை உருளவிடும் வழக்கம் சிலரிடம் உண்டு. அப்போது எஞ்சின் தரும் இயல்பான தடை அற்றுப்போகிறது. முழுப் பொறுப்பும் பிரேக்கின்மேல் விழுகிறது. அப்பொறுப்பின் அளவைப் பதினொன்றாம் வகுப்பு இயற்பியலே கணக்கிட்டுச் சொல்லும். 40 டன் எடையுள்ள லாரி 100 மீட்டர் உயரம் இறங்கும்போது இழக்கும் நிலையாற்றல் ஏறத்தாழ 3.9 கோடி ஜூல். 30 பாகை வெப்பமுள்ள 130 லிட்டர் நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர இவ்வாற்றல் போதும். வேகம் கூடாமல் இறங்க வேண்டுமானால், எஞ்சினும் காற்றும் தாங்கியது போக மீதி வெப்பம் முழுவதையும் பிரேக்கின் இரும்புப் பகுதிகளே ஏற்றாக வேண்டும். அவை அளவுக்கு மீறிச் சூடானால் பிடிமானம் தளரும். அதன்பின் ஓட்டுநர் எவ்வளவு அழுத்தி மிதித்தாலும் வண்டி கேட்பதில்லை.

ஆயினும் ஓட்டுநரோடு வழக்கை முடித்துவிட இயலாது. சமவெளியில் பல நூறு கிலோமீட்டர் ஓட்டி வந்தவர் இம்மலையை முதன்முறையாகக் காண்பவராக இருக்கலாம். எச்சரிக்கைப் பலகையின் மொழி அவருக்குப் புரியாதிருக்கலாம். பின்னிரவில் கண் அயரலாம். அகன்ற நான்குவழிச் சாலையின் வழவழப்பு, இறக்கத்தின் கடுமையை மறைத்து, வேகத்தைக் குறைவாகக் காட்டலாம். வெவ்வேறு ஊர்களிலிருந்து வரும் வெவ்வேறு மனிதர்கள் ஒரே வளைவில் வீழ்வார்களாயின், அவர்கள் அனைவருக்கும் பொதுவான ஆசிரியர் அந்த வளைவே ஆகும். தவறான பாடத்தை நடத்தும் ஆசிரியரையும் திருத்தத்தான் வேண்டும்.

சாலைத் துறை இவ்வுண்மையை ஓர் இலக்கணமாகவே வகுத்துள்ளது. தேசிய நெடுஞ்சாலையில் ஏறத்தாழ 500 மீட்டர் நீளத்திற்குள் மூன்று ஆண்டுகளில் உயிரிழப்போ கொடுங்காயமோ விளைவித்த 5 விபத்துகள் நேர்ந்தாலும், 10 பேர் இறந்தாலும், அவ்விடம் கரும்புள்ளி எனக் குறிக்கப்படும். இவ்விலக்கணத்தில் மனிதரின் பெயர் இல்லை. இடத்தின் பெயர் மட்டுமே உண்டு. 2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் மாண்டனர். மாநிலங்களுள் மிகுதியான விபத்துகள் நேர்ந்தது தமிழ்நாட்டில். அவற்றின் எண்ணிக்கை 64,105. நாட்டின் மொத்தச் சாலை நீளத்தில் நூற்றுக்கு இரண்டு பங்கே ஆன தேசிய நெடுஞ்சாலைகளில் மட்டும் 61,038 பேர் இறந்தனர். இத்தனை பேரும் கவனக்குறைவானவர்கள் என்று சொல்லி ஒதுங்கிக்கொள்வது எளிது, அது நேர்மையாகாது.

எனில், மாற்றுவழியை எவ்வாறு திட்டமிடுவது? முதலில் சரிவைக் கணக்கிட வேண்டும். மலைப்பகுதிச் சாலைக்குப் பொதுவாக 20 மீட்டருக்கு 1 மீட்டர் என்னும் சரிவை இந்தியச் சாலைகள் காங்கிரஸ் வகுத்துள்ளது. சமவெளிக்கு 30 மீட்டருக்கு 1 மீட்டர். 100 மீட்டர் உயரத்தை முதற்சரிவில் இறங்க 2 கிலோமீட்டர் சாலை வேண்டும். இரண்டாம் சரிவில் இறங்க 3 கிலோமீட்டர் வேண்டும். அந்த ஒரு கிலோமீட்டர் கூடுதல் தொலைவுதான் பாதுகாப்பின் விலை. அதற்கு நிலம் வேண்டும், பணம் வேண்டும், காலம் வேண்டும். சுருக்கமான வழி எப்போதும் மலிவான வழியாகத் தோன்றும். அதன் மறைமுகச் செலவு மருத்துவமனைகளிலும் துக்க வீடுகளிலும் எழுதப்படுவதால், திட்டக் கணக்கேட்டில் அது இடம்பெறுவதில்லை.

இருப்புப்பாதை இதனை முன்பே உணர்ந்தது. சேலத்திலிருந்து தருமபுரி வழியாகப் பெங்களூர் செல்லும் தண்டவாளமும் இம்மலைப்பகுதியைக் கடந்தே செல்கிறது. இரும்பின்மேல் உருளும் இரும்புச் சக்கரத்திற்குப் பிடிமானம் குறைவு. கடுஞ்சரிவை அது ஏற்காது. ஆகவே, தண்டவாளம் அமைத்தோர் மலையோடு மல்லுக்கு நிற்காமல், வளைந்தும் நெளிந்தும் மெல்ல ஏற வழி கண்டனர். இயந்திரத்தின் இயலாமையை மதித்து அமைத்த பாதை அது. மனிதனின் இயலாமையையும் அவ்வாறே மதிக்கும் சாலை ஏன் அமையலாகாது?

இதே 44ஆம் எண் நெடுஞ்சாலையின் வடகோடியில் வேறொரு விடை கிடைத்தது. ஜம்முவிலிருந்து ஸ்ரீநகர் செல்லும் வழியில், பட்னிடாப் மலைமேல் பனியும் மண்சரிவும் பயணத்தைத் தடுத்துவந்தன. அங்கே மலையைச் சுற்றுவதற்கு மாறாக அதனைக் குடைந்து, 9 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட நீளமுள்ள செனானி – நாஷ்ரி சுரங்கத்தை அமைத்தனர். 2017ஆம் ஆண்டு ஏப்ரலில் அது திறக்கப்பட்டபோது, பயணத் தொலைவு ஏறத்தாழ 30 கிலோமீட்டர் குறைந்தது. ஒரே சாலை, இரு மலைகள், இரு வேறு இடர்கள். ஆகவே விடையும் ஒன்றாக இருக்க இயலாது. ஓரிடத்தில் நீளமான வழி காக்கும்; மற்றோரிடத்தில் குறுகிய வழியே காக்கும். எது காக்கும் என்பதை அந்தந்த நிலமே சொல்லும்.

தொப்பூருக்கு உரிய வழிகளும் பலவாக எண்ணத்தக்கவை. இருக்கும் சாலையின் வளைவுகளை நிமிர்த்திச் சரிவைச் சீராக்கலாம். இறங்கும் வண்டிகளுக்கெனத் தனிப்பாதை வகுக்கலாம். தூண்களின்மேல் உயர்மட்டச் சாலை எழுப்பிக் கடுஞ்சரிவைத் தணிக்கலாம். இவற்றுள் மூன்றாவது வழியே இங்குத் தேர்ந்தெடுக்கப்பட்டது, ஏறத்தாழ 6.6 கிலோமீட்டர் நீளத்திற்கு உயர்மட்டச் சாலை அமைக்கத் திட்டம் வகுக்கப்பட்டது. எந்த வழியைத் தேர்ந்தாலும் ஒரு கேள்வி எஞ்சும். பக்கத்துச் சிற்றூரிலிருந்து சாலையைக் கடக்கும் மாணவி எங்கே கடப்பாள்? ஆடு ஓட்டிச் செல்பவர் எங்கே செல்வார்? காட்டுயிர் எவ்வழியே நீருக்குப் போகும்? விரைந்து செல்பவரின் தேவைகளை மட்டும் கேட்டு வகுக்கும் வழி, ஒருவரின் ஆபத்தை நீக்கி வேறொருவரின் தலையில் வைத்துவிடும். நல்ல திட்டம் லாரி ஓட்டுநரையும் கேட்கும். நடந்து செல்பவரையும் கேட்கும். வாய்பேசா உயிர்களுக்காகவும் ஒருவர் பேச இடம் தரும்.

பெரிய சாலை எழும்வரை சிறிய பணிகள் காத்திருக்க வேண்டியதில்லை. இறக்கம் தொடங்கும் முன்னரே கனரக வண்டிகளை நிறுத்திப் பிரேக்கைச் சோதிக்க இடம் அமைக்கலாம். ஓட்டுநர் அறிந்த மொழிகளில் எச்சரிக்கை எழுதலாம். பிரேக் இழந்த வண்டி ஏறி நிற்பதற்குச் சாலையோரத்தில் சரளைக்கல் நிரப்பிய மேட்டுச் சாய்தளம் அமைக்கலாம். கல்லுக்குள் சக்கரம் புதைய, வண்டி தானே அடங்கும். இத்தகைய சாய்தளம் ஓட்டுநரை நோக்கி, ‘நீ ஏன் தவறினாய்?’ என்று கேட்பதில்லை. ‘இங்கே வா, நின்றுகொள்’ என்று மட்டுமே சொல்கிறது.

தருமபுரி வட்டாரம் நடுகற்களுக்குப் பெயர்பெற்றது. ஆநிரை மீட்டும் ஊரைக் காத்தும் மாண்ட வீரர்க்கு இம்மண் கல் நட்டு வணங்கியது. அவர்களது இறப்புக்கு ஒரு பொருள் இருந்தது. வீட்டிற்குத் திரும்பும் வழியில் முன்பின் அறியாத லாரியால் மடிந்தவரின் இறப்புக்கு அத்தகைய பொருள் ஏதுமில்லை. அடுத்தவர் சாகாதபடி வழியைத் திருத்துவதே அவருக்கு எடுக்கத்தக்க நினைவுக்கல்.

பிழையே செய்யாத மனிதருக்கென அமைக்கப்படும் சாலை, இல்லாத ஒருவருக்கென அமைக்கப்படுவதாகும். களைப்பவர், மறப்பவர், அவசரப்படுபவர், புதியவர் ஆகியோரே உண்மையில் சாலையில் செல்பவர்கள். நாளை இம்மாநிலத்தின் பொறியாளராகவும் ஆட்சியராகவும் ஓட்டுநராகவும் வரவிருப்போர் இன்று வகுப்பறைகளில் அமர்ந்திருக்கின்றனர். ஒரு வரைபடத்தில் கோடிழுக்கும் வேளையில் அவர்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. ‘இவ்வழியே எத்தனை விரைவாகப் போகலாம்?’ என்பதன்று அது. ‘இவ்வழியே தவறிழைத்தவனும் வீடு திரும்புவானா?’ என்பதே.